ரெட் ஆக்சைடு தரை: தவழும் குழந்தை இருக்கும் கிராமத்து வீட்டுக்கு எப்படி?

வீடு கட்டுகிறவர்கள் தரையைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். கடகாலுக்கும் கூரைக்கும் கதவு நிலைக்கும் போனது போக மிச்சம் இருப்பதுதான் தரைக்கு. “இப்போதைக்குச் சாணி போட்டு மெழுகிக்கொள்வோம், கையில் காசு வந்ததும் டைல்ஸ் ஒட்டலாம்” என்று தள்ளிப்போடுவார்கள். அந்தக் காசு வருவதற்குள் வீட்டுக் குழந்தை தவழ்ந்து, நடந்து, பால்வாடிக்கே போய்விடும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரைதான் குழந்தைக்குத் தரையே உலகம். தரையால் வரும் நல்லதும் கெட்டதும் அதிகம் சேர்வது அந்த ஒன்றரை வருடத்தில்தான்.

அதனால் இந்த மதிப்பீடு முழுக்க அந்தக் குழந்தையின் உயரத்திலிருந்து பார்ப்பது. எடுத்துக்கொண்டது ரெட் ஆக்சைடு தரை, அதாவது சிவப்பு நிறமி கலந்த சிமெண்டைப் பூசித் தேய்த்த தரை. ஒப்பிடுவது சாணம் மெழுகிய மண் தரை, பூப் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, டைல்ஸ் ஆகியவற்றோடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குறைந்த செலவில் கட்டும் கிராமத்து வீட்டுக்கு இதைவிட நல்ல தரை இல்லை. ஆனால் கொத்தனார் அவசரப்பட்டால் இதைவிட மோசமான தரையும் இல்லை. மேலே இருக்கும் 3 மில்லிமீட்டரும் அதன் மேல் தண்ணீர் கட்டும் 10 நாளும்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன.

மண் தரையில் என்ன கெடுதல் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வாசற்படி ஓரம் பொரிக் கிண்ணத்தோடு ஒரு குழந்தையை உட்கார வைத்துக் கால் மணி நேரம் கவனியுங்கள். பாதிப் பொரி கீழே சிந்தும். ஈர விரலால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து வாயில் போடும். விரலோடு வருவது பொரி மட்டுமல்ல. உருண்டைப்புழுவின் முட்டை கண்ணுக்குத் தெரியாது. ஈர மண்ணில் சில வாரங்களில் அது தொற்றும் நிலைக்கு வரும், அதன்பின் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழு வேறு வழியில் வரும். அதன் முட்டை நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரியும், பத்து நாளுக்குள் நுண்புழு தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். வெறுங்கால் போதும், உள்ளே போய்விடும். குடலில் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும்.

“வீட்டுக்குள் யாரும் மலம் கழிப்பதில்லையே” என்று கேட்பார்கள். குழந்தை கழிக்கிறது. அதை அள்ளிப்போட்டு அந்த இடத்தில் சாம்பலோ சாணமோ போட்டு மெழுகினாலும் முட்டை மண்ணுக்குள் தங்கிவிடுகிறது. அதோடு தோட்டத்திலிருந்து வரும் பெரியவர் கால், ஆட்டுக்குட்டி, கோழி, மழையில் உள்ளே ஏறும் தண்ணீர் எல்லாம் சுமந்துகொண்டு வருகின்றன. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரை வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் வெளியேற்றும். தரையில் இருப்பதை அது தொடாது. மாத்திரை போட்ட குழந்தையை அதே மண் தரையில் விட்டால் மறுபடியும் புழு ஏறத்தான் செய்யும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. அதற்குச் சாப்பாடுதான் முதல் காரணம். ஆனால் ஊட்டுவதில் ஒரு பங்கைப் புழு தின்னும்போது எவ்வளவு கீரை கொடுத்தும் பயன் குறைவு.

சாணம் கிருமிநாசினி என்ற நம்பிக்கையை மரியாதையோடே மறுக்க வேண்டியிருக்கிறது. சாணம் புழுதியை அடக்குகிறது, வெடிப்பை மூடுகிறது, வெயில் நாளில் குளுமை தருகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் மாட்டின் குடலில் இருக்கும் கிருமிகள் பச்சைச் சாணத்தில் அப்படியே வருகின்றன. டெட்டனஸ் கிருமியின் விதைகளும் அதில் இருக்கலாம். தொப்புள் புண் ஆறாத பச்சைக் குழந்தை இருக்கும் அறையில் சாணம் மெழுகவே கூடாது.

தரையை மாற்றினால் உடம்பு தேறுமா என்பதற்கு அளந்து பார்த்த சான்று மெக்சிகோவில் இருக்கிறது. அங்கே கோவாவிலா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு ‘பிசோ ஃபிர்மே’ (உறுதியான தரை என்று பொருள்) என்ற திட்டத்தில் மண் தரை வீடுகளுக்கு 50 சதுர மீட்டர் வரை கான்கிரீட் கொடுத்தார்கள். ஒரு வீட்டுக்கு ஆன செலவு சுமார் 150 டாலர். திட்டம் வந்த நகரத்தையும் பக்கத்து மாநிலத்தில் திட்டம் வராத இரட்டை நகரங்களையும் ஒப்பிட்டு 2009இல் ஆய்வு வெளியானது. வீடு முழுக்க மண் தரை போய்ச் சிமெண்ட் வந்தால் குழந்தைகளின் குடல்புழுத் தொற்று 78 விழுக்காடும், வயிற்றுப்போக்கு 49 விழுக்காடும், ரத்தசோகை 81 விழுக்காடும் குறையும் என்று அது கணக்கிட்டது. அம்மாக்களின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் தினமும் மண்ணைக் கூட்டிக் குவித்து வாரம் தோறும் மெழுகுகிறவர்களுக்கு ஏன் என்று தெரியும். அந்த வீடுகள் நகரத்து ஏழைக் குடியிருப்புகள் என்பதால் அந்த எண்களை அப்படியே நம் கிராமத்துக்குக் கொண்டுவர முடியாது. ஆனாலும் வங்கதேசம், கென்யா கிராமங்களில் பூசிய தரை வீட்டையும் மண் தரை வீட்டையும் ஒப்பிட்டு 2021இல் வந்த ஆய்விலும் பூசிய தரை வீட்டுப் பிள்ளைகளுக்கு உருண்டைப்புழு குறைவாகவே இருந்தது.

புழுவோடு நிற்கவில்லை. மண் தரை வெடிப்பில் தெள்ளுப்பூச்சி வளரும். எலி வளை தோண்டும், எலியைத் தேடிப் பாம்பு வரும். இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் தீண்டுவது நம் ஊரில் புதிதல்ல. பீகார் பக்கம் காலா அசார் காய்ச்சலைப் பரப்பும் மணல் ஈ இனப்பெருக்கம் செய்வதும் ஈரமும் சாணமும் கலந்த மண் வெடிப்புகளில்தான். வளை தோண்ட முடியாத தரை என்பதே சிமெண்ட் தரையின் பாதி மதிப்பு. பாம்புக்கு அஞ்சிக் கட்டிலும் கொசுவலையும் போடுவது அப்போதும் தேவைதான்.

சரி, ரெட் ஆக்சைடு தரைக்கு வருவோம். இது தனிப்பொருள் அல்ல. கீழே ஜல்லிக் கான்கிரீட், நடுவில் பேபி ஜல்லிக் (பொடி ஜல்லி) கலவை, மேலே சிவப்பு நிறமி கலந்த சிமெண்ட் பூச்சு என்று மூன்று அடுக்கு. நிறமி இல்லாமல் வெறும் சிமெண்ட் பால் தேய்த்தாலும் ஆரோக்கியத்தில் ஒரு குறையும் வராது. சிவப்பின் நன்மை வேறு: கண்ணுக்கு இதம், அதனால் வீட்டார் அதைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். துடைக்கத் தூண்டும் தரை நல்ல தரை.

10 அடிக்கு 12 அடி அறைக்குக் கணக்கு இது. கீழ் அடுக்கான அடிக் கான்கிரீட் 4 அங்குல கனம், 1:4:8 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில்), ஒன்றரை அங்குல ஜல்லி. இதற்குச் சிமெண்ட் 4 மூட்டை, எம்-சாண்ட் (கல்லை நொறுக்கிச் செய்யும் மணல்) 20 கன அடி, ஜல்லி 40 கன அடி. நடு அடுக்கு ஒன்றரை அங்குல கனம், 1:2:4 கலவை. சிமெண்ட் 3 மூட்டை, மணல் ஏழரை கன அடி, பேபி ஜல்லி 15 கன அடி. மேல் பூச்சுக்குச் சிமெண்ட் 1 மூட்டை, ரெட் ஆக்சைடு 5 கிலோ. மொத்தம் 8 மூட்டை. கலைஞர் கனவு இல்லம் போல 360 சதுர அடி வீட்டில் சுவர் போக 300 சதுர அடி தரை என்று வைத்தால் 20 மூட்டையில் முடியும். உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். கூலி தனி.

நிறமியில் கஞ்சத்தனம் வேண்டாம், தாராளமும் வேண்டாம். 50 கிலோ மூட்டைக்கு 5 கிலோவைத் தாண்டினால் சிவப்பு ஆழமாகத் தெரியும், பூச்சின் வலு குறையும், துடைக்கத் துடைக்கத் துணியில் சிவப்பு ஏறும். ஒரு அறைக்குத் தேவையான மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கி, சிமெண்டோடு காய்ந்த நிலையிலேயே கலந்து, மெல்லிய துணியில் இரண்டு முறை சலித்து, சாக்கில் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வப்போது அள்ளிக் கலந்தால் அறையின் ஒரு மூலை செங்கல் நிறமும் மறுமூலை ரோஜா நிறமும் ஆகும். கோலத்துக்கு வாங்கும் காவிப் பொடி இதற்கு ஆகாது, சிமெண்ட் நிறமி என்று விற்கும் இரும்பு ஆக்சைடுதான் வேண்டும்.

பேஸ்மட்டம் வெளித் தரையிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி உயரம் இருக்கட்டும். உள்ளே நிரப்பும் மண்ணை ஒரே கொட்டாகக் கொட்டித் தண்ணீர் ஊற்றி விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. முதல் மழைக்காலம் முடிந்ததும் சுவரோரம் தரை அரை அங்குலம் இறங்கி நிற்கும். அரை அடிக்கு ஒரு அடுக்காக நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்துத்தான் ஏற்ற வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கக் கரிசலில் இன்னொரு சங்கடம் உண்டு. கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதை ஓரிரு அடி ஆழம் எடுத்துவிட்டுக் கிராவல் போட்டு இடித்தால்தான் தரை வெடிக்காமல் நிற்கும். கடலோர ஊரிலும், நிலத்தடி ஈரம் ஏறும் ஊரிலும் அடிக் கான்கிரீட்டுக்குக் கீழே 250 மைக்ரான் பாலித்தீன் தாளை ஒன்றின்மேல் ஒன்று அரை அடி ஏறுமாறு விரித்துவிட வேண்டும். இல்லையென்றால் சிவப்பின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். எவ்வளவு துடைத்தாலும் மறுபடி பூக்கும், ஏனென்றால் உப்பு வருவது கீழிருந்து.

அடிக் கான்கிரீட்டின் மேற்பரப்பை வழவழப்பாக்காமல் சொரசொரப்பாக விட்டு, 48 மணி நேரத்துக்குள் நடு அடுக்கைப் போடுவது நல்லது. தள்ளிப்போனால் கம்பித் தூரிகையால் தேய்த்து, தூசி போகக் கழுவி, சிமெண்ட் பால் அடித்துவிட்டுத்தான் போட வேண்டும். அறையை 5 அடிக்கு 6 அடியாக நான்கு கட்டமாகக் கண்ணாடிப் பட்டை வைத்துப் பிரியுங்கள். சிமெண்ட் காயும்போது சுருங்கும். எங்கே விரிசல் விட வேண்டும் என்று நாம் இடம் கொடுக்காவிட்டால் அதுவே இடம் தேடிக்கொள்ளும். வாசலை நோக்கி 10 அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் இருந்தால் கழுவிய தண்ணீர் தானே போகும்.

இப்போது அந்த 3 மில்லிமீட்டர். நடு அடுக்கு கெட்டியாகிக் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகத் தடம் விழும் பதத்தில், சலித்து வைத்த சிவப்புக் கலவையைத் தயிர்ப் பதத்தில் கரைத்து ஊற்றி, மணியாசுக் கட்டையால் (மட்டப்படுத்தும் மரப்பலகை) பரப்பி, பிறகு இரும்புக் கரணையால் தேய்க்க வேண்டும். ஒரே மூச்சில் தேய்த்து முடிக்கக் கூடாது. ஒரு தேய்ப்பு, அரை மணி நேர இடைவெளி, மறு தேய்ப்பு என்று மூன்று முறை. கடைசித் தேய்ப்பில் கரணை கல்லில் உரசுவதுபோல் கிறீச்சிட வேண்டும், மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது. மாலை ஆகிவிட்டது, வண்டி போய்விடும் என்று கொத்தனார் மேலே மிதக்கும் தண்ணீரை உறிஞ்சக் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்த்துவிட்டுக் கிளம்பினால் அந்தத் தரை கெட்டது. அன்றைக்குப் பளபளக்கும். மூன்று மாதத்தில் பொடி உதிர ஆரம்பிக்கும். காலில் சிவப்பு ஒட்டும், கூட்டக் கூட்டத் தூசி வரும். பொடி உதிரும் சிமெண்ட் தரை, குழந்தையைப் பொறுத்தவரை மறுபடியும் ஒரு மண் தரைதான். நடு அடுக்கில் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீருக்கு மேல் ஊற்றினாலும் இதே கதிதான். சித்தாளுக்குக் கலக்க இலகுவாக இருக்கட்டும் என்று ஒரு வாளி கூடுதலாக ஊற்றுவது தரைக்கு எதிரி.

சுவரும் தரையும் சேரும் மூலையைக் கூராக விடாமல் ஒரு பாட்டிலை வைத்து உருட்டி வளைவாகப் பூசச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் இப்படித்தான் இருக்கும். அந்த இடுக்கில்தான் சோற்றுப் பருக்கையும் எறும்பும் கரப்பானும் சேரும். வளைவு இருந்தால் துணி ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் கொண்டுவரும். சுவரில் அரை அடி உயரத்துக்கு அதே சிவப்பைப் பட்டையாக ஏற்றிவிட்டால் கழுவும்போது சுவர் ஊறாது.

மறுநாளே வாசலில் சின்னக் கரை கட்டி அறைக்குள் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். 10 நாள். வைக்கோலோ பழைய சாக்கோ நனைத்துப் போடுவது வெறும் சிமெண்ட் தரைக்குச் சரி, சிவப்புத் தரையில் வைக்கோல் கறை விழுந்தால் போகாது. நான்கு நாளுக்கு ஒரு முறை தண்ணீரைத் தள்ளிவிட்டுப் புதிதாக நிறுத்த வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். புழுவைத் துரத்தப் போய் டெங்குவை வளர்க்க வேண்டாம். அந்தப் பத்து நாளும் அறைக் கதவு பூட்டியே இருக்கட்டும். ஓர் அங்குலத் தண்ணீரும் தவழும் குழந்தைக்கு ஆபத்து. கலக்குகிறவர்களும் தேய்க்கிறவர்களும் கைக்கு ரப்பர் உறை, காலுக்குப் பூட்ஸ் போட வேண்டும். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், வேலை முடிந்த இரவில்தான் எரிச்சல் தெரியும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், பிளாஸ்டிக் விரிப்பு மண் தரை மேல் விரித்தால் முதல் வாரம் நன்றாக இருக்கும். அடியில் ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும், பூரான் தங்கும். தரை போடும் வரை குழந்தை உட்காரும் இடத்துக்கு மட்டும் போட்டு, வாரம் ஒரு முறை எடுத்து இருபுறமும் கழுவி வெயிலில் காய வைத்தால் அது நல்ல இடைக்கால உதவி. டைல்ஸ் சுத்தத்தில் ரெட் ஆக்சைடுக்கு இணை, சில இடத்தில் மேல். ஆனால் பளபளக்கும் பெரிய டைல்ஸ் தண்ணீர் பட்டால் வழுக்கும். இடுப்பெலும்பு முறிந்த வயதானவரைக் கவனிக்கும் செலவு டைல்ஸ் விலையை விடப் பல மடங்கு. போடுவதென்றால் சமையலறைக்கும் குளியலறைக்கும் சொரசொரப்பான ரகம். மூலையில் மட்டும் கலவை வைத்து ஒட்டிய டைல்ஸ் உள்ளே பொள்ளலாகி, உலக்கை விழுந்த அன்றே உடையும். சொட்டிய பால் அந்தப் பிளவில் புளித்துக் கிடக்கும். ஆத்தங்குடிக் கல் அழகு, குளுமை, ஆனால் செலவும் பதிக்கும் கைத்திறனும் கூடுதலாகக் கேட்கும்.

ரெட் ஆக்சைடின் குறைகளையும் மறைக்கக் கூடாது. மார்கழியில் சில்லென்றிருக்கும், கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் பாய் வேண்டும். ஒருமுறை வெடித்தால் அதே நிறத்தில் ஒட்டுப்போட முடியாது, தழும்பு தெரியும். எலுமிச்சை, புளி, கழிவறை ஆசிட் பட்டால் அரிக்கும். மூன்று வாரம் நன்றாகக் காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் துடைத்தால் நிறம் எழும். அதிகம் போட்டால் வழுக்கும், தூசியைப் பிடித்து வைக்கும். மெழுகுப் பாலிஷ் இன்னும் நாள் தாங்கும்.

தரை போட்டதாலேயே வயிற்றுப்போக்கு நின்றுவிடாது. குடிதண்ணீரும் கழிவறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் தனித்தனி வேலைகள். ஆடு கோழியை உள்ளே விட்டால் சிவப்புத் தரையிலும் எச்சம்தான். தரையால் கிடைப்பது வேறொன்று: குழந்தை அசுத்தம் செய்தால் அள்ளி, சோப்புத் தண்ணீரால் கழுவி, துடைத்து, உண்மையிலேயே சுத்தமாக்க முடியும். மண் தரையில் அது எந்த அம்மாவாலும் முடியாத காரியம். கழுவிய தண்ணீர் வாசல் படியில் தேங்காமல் போக ஒரு சின்ன வாய்க்கால் எடுத்துவிட மறக்காதீர்கள்.

கொத்தனாரிடம் பேசும்போதே கூலியில் ஒரு பங்கை 28 நாள் கழித்துத் தருவதாகச் சொல்லிவிடுங்கள், நல்ல வேலைக்காரர் மறுக்க மாட்டார். அன்றைக்கு வெள்ளைத் துணியால் தரையை ஒரு தேய்ப்பு தேய்த்துப் பாருங்கள். கொஞ்சம் நிறம் ஒட்டினால் பரவாயில்லை, பொடியாக வந்தால் தேய்ப்பிலோ தண்ணீர் கட்டியதிலோ கோளாறு. பிறகு ஒரு இரும்புக் கம்பியால் அடிக்கு ஓரிடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக் டக்’ என்று கெட்டிச் சத்தம் வரவேண்டும். ‘பொத் பொத்’ என்று வரும் இடத்தில் மேல் அடுக்கு கீழே பிடிக்கவில்லை. அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். மிச்சக் கூலி, அந்த வட்டங்களை உடைத்துத் திரும்பப் போட்டு, அதன் மேல் மறுபடி 10 நாள் தண்ணீர் நின்ற பிறகு.